ஐந்து லிட்டர் அதிகம்

அத்தியாயம் 9

கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடை கிடைத்துவிட்டால் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும். அந்தச் சனிக்கிழமை இந்துமதிக்கு வியாதி முற்றிப்போயிருந்தது.

ஒன்பது மணிக்குக் கடலோரக் காவல் இன்ஸ்பெக்டரிடம் குற்றவாளியின் பெயரைச் சொன்னாள். ஒன்பதரைக்கு டிரைவர் வேல்ராஜை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பதினோரு மணிக்கு அவளுடைய ஸ்கூட்டர் திருச்செந்தூர் சாலையில் தெற்கே பறந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த உதவியாளன் பெனிஸ்டன் காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு பேசினான்.

"அக்கா, பெட்ரோலைத் திருடுதவனப் பாத்திருக்கேன். ஊத்திட்டுப் போற திருடன இப்பதான் பாக்கேன். வேல்ராஜ் அண்ணன உள்ள தள்ளாம, என் பைக்கையும் திருடச் சொல்லி அனுப்பியிருக்கலாம்."

"வாய மூடிட்டு வாலே. பூச்சி போயிரப் போவுது."

"போகட்டும்கா. காலையில இருந்து வயித்துக்கு ஒண்ணும் போகல."

இந்துமதி சிரித்துவிட்டாள். சிரிக்கக் காரணமும் இருந்தது. அவள் துப்பறிந்த வழக்குகளிலேயே அழகான வழக்கு இது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணப்பாடு கடற்கரையில் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏற்றிக்கொண்டிருந்தவை நான்கு சாக்குக் கடல் அட்டை. பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட சரக்கு. போலீஸ் வருவதைப் பார்த்ததும் சாக்குகளை மணலில் உருட்டிவிட்டுக் கார் தப்பிவிட்டது. தூரத்தில் நின்ற காவலர் கண்ணில் பட்டது நம்பரின் கடைசி நாற்பத்து நான்கு மட்டும்தான். தூத்துக்குடியில் நாற்பத்து நான்கில் முடிகிற வெள்ளை அம்பாசடர் ஒன்றே ஒன்றுதான். இரும்புக்கடை காசிலிங்கம் அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தாராம். கார் ஷெட்டை விட்டு நகரவில்லையாம். சாவி இரண்டு. ஒன்று அவரிடம், இன்னொன்று இருபது வருடமாகக் காரை ஓட்டும் வேல்ராஜிடம்.

போலீஸ் வந்து போன மறுநாள், வியாழக்கிழமை, அண்ணாச்சி இந்துமதியைக் கூப்பிட்டு ஷெட்டுக்குள் அழைத்துப்போனார். காரில் பெட்ரோல் முள் செத்து வருடக்கணக்காகிறது. தினமும் காலையில் அண்ணாச்சி டாங்கிக்குள் ஒரு மரக்கோலை விட்டு அளந்து, எத்தனை லிட்டர் என்று ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். அந்தச் சுவரைத்தான் காட்டினார். சனிக்கிழமை பதினைந்து. ஞாயிறு, காய்ச்சலில் எழுதவில்லை. திங்கட்கிழமை இருபது.

"கொறஞ்சிருந்தா களவுன்னு சொல்லலாம்" என்றார். "கூடியிருக்கே, இத எங்கன போயி சொல்லுவேன்? நீதாம்ளா எனக்கு வெளங்க வைக்கணும்."

இந்துமதி அவளே கோலை விட்டுப் பார்த்தாள். இருபது. அன்று இரவே விடை கிடைத்துவிட்டது. போன வாரம் வெள்ளிக்கிழமை, அதாவது கார் மணப்பாடு போவதற்கு இரண்டு நாள் முன்னால், காரின் கார்புரேட்டரை மாற்றியதாக அண்ணாச்சி பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். பழைய கார்புரேட்டர் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் ஓடும். புதியதில் பன்னிரண்டு ஓடுகிறது. காரை எடுத்துப்போனவனுக்கு இது தெரியாது. நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எட்டுக்கு ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டு, யாருக்கும் தெரியக்கூடாதென்று பதினைந்து லிட்டரை ஒழுங்காகத் திருப்பி ஊற்றியிருக்கிறான். ஆனால் கார் குடித்ததோ பத்து. மிச்சம் ஐந்து. தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு அறுபது கிலோமீட்டர், போய்வர நூற்றிருபது.

எட்டுக் கணக்கு யாருக்குத் தெரியும்? கோலும் சுவரும் யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் லீவில், அண்ணாச்சி சொன்னபடி, பக்கத்துப் புதுக்கோட்டையில் வீட்டோடு இருந்ததால் கார்புரேட்டர் மாற்றியது யாருக்குத் தெரியாது? மூன்று கேள்விக்கும் ஒரே பெயர்தான். வேல்ராஜ்.

"கணக்கு ரொம்ப சுத்தமா இருக்குக்கா" என்றான் பெனிஸ்டன், ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போது. "நான் ரெண்டு இட்லி வாங்கினாக்கூடச் சில்லறை இடிக்கும். இது இடிக்கவே இல்லையே."

"மூளை உள்ளவ போட்டா இடிக்காது."

இன்ஸ்பெக்டருக்கும் கணக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு குறை. "சாக்பீஸ் எழுத்த நம்பி நான் கோர்ட்டுல நிக்க முடியாதும்மா. என்னைக்கு மாத்துனாரு, எவ்வளவு ஓடும்னு மெக்கானிக்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கியாங்க. நாலு மணிக்குள்ள வந்தா வேல்ராஜ ரிமாண்டுக்கு அனுப்பிருவேன்" என்றிருந்தார்.

மெக்கானிக் காயல்பட்டணத்துக்காரர். அங்கே அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். போகப்போகிறேன் என்று அவள் போனில் சொன்னபோது அண்ணாச்சி தடுத்தார். "அந்தக் காக்கா துபாய் போயிட்டாராம்ளா. கட பூட்டிக் கெடக்கும். வெயில்ல அலையாத, நானே வாட்ஸப்புல வாங்கித் தாரேன்." அவருக்கு எப்போதுமே அவள்மேல் அக்கறை அதிகம். ஆறு வருடத்துக்கு முன்னால், மேலாளரின் பொய்க் கணக்கைக் காட்டிக்கொடுத்துவிட்டு இன்ஷூரன்ஸ் வேலையை அவள் உதறியபோது, தனியாக நிற்கிற பெண்ணுக்கு ஆபீஸ் போட இடம் கொடுக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. அண்ணாச்சிதான் இரும்புக்கடை மாடியைத் திறந்துவிட்டார். 'இந்து துப்பறியும் நிலையம்' என்ற பலகையை ஏணி வைத்துத் தன் கையாலேயே மாட்டினார். சொந்த அண்ணன்கூடக் கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது.

அதனால்தான் கடை பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, பக்கத்துக் கடையிலாவது விசாரித்துக் கையெழுத்தோடு திரும்ப வேண்டும் என்று கிளம்பியிருந்தாள். பெனிஸ்டன் கிளம்பியது அந்த ஊர் இனிப்பான வட்டிலாப்பத்துக்காக.

---

கடை பூட்டியிருக்கவில்லை.

மெயின் ரோட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு பழைய ஜீப் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எஞ்சினுக்குள் தலையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டிருந்தார். தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த எஞ்சின் மெல்ல மெல்ல இறங்கிச் சீராக ஓடத் தொடங்கியதும்தான் கண்ணைத் திறந்தார்.

"செய்கு அப்துல் காதிர் காக்கா?" என்றாள் இந்துமதி.

"நான்தாம்மா. வாங்க."

"துபாய் ரொம்பக் கிட்டத்துல வந்துட்டுக்கா" என்று பெனிஸ்டன் அவள் காதருகே முணுமுணுத்தான். "பாஸ்போர்ட்டே வேண்டாம் போலுக்கு."

இந்துமதி முறைத்தாள். அண்ணாச்சிக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று மனத்துக்குள் அவருக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"தூத்துக்குடி காசிலிங்கம் அண்ணாச்சி அம்பாசடருக்குக் கார்புரேட்டர் மாத்துனது நீங்கதான?"

"ஆமா" என்றார் காதிர், துணியில் கையைத் துடைத்தபடி. "பழசு ஒண்ணுத்துக்கும் ஆகாதும்மா. உள்ள இருக்க மிதவை ஓட்டையாகி, வேண்டாத பெட்ரோலெல்லாம் உள்ள எறங்கிட்டு இருந்துச்சு. கரும்புகை கக்கும். சூடேறுனா பொசுக்குன்னு நின்னுரும். தட்டிக்கொட்டிப் பாக்கலாம்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டு, வேற வண்டி கார்புரேட்டர் நல்லதா ஒண்ணு கெடந்துச்சு, அடியில ஒரு பிளேட்டு வெட்டி வச்சு அதப் பொருத்திக் குடுத்தேன். எட்டு ஓடுன வண்டி இனி பன்னெண்டு ஓடும், இன்ஷா அல்லாஹ், எழுதி வச்சுக்கிடுங்கன்னு அவருகிட்டயே சொன்னேன்."

"அதத்தான் எழுதி வாங்கிட்டுப் போக வந்தேன் காக்கா."

"தாராளமா."

இந்துமதி பையிலிருந்து தாளை எடுத்தாள். காலையிலேயே அழகாக எழுதி வைத்திருந்தாள். எட்டு, பன்னிரண்டு, தேதி, கிழமை எல்லாம் இருந்தது. காதிர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசிப்பவர் போல நிதானமாக வாசித்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போட முடியாதும்மா."

"ஏன் காக்கா?"

"வெள்ளிக்கெழமன்னு போட்டிருக்கு."

"ஆமா. போன வாரம் வெள்ளிக்கெழம."

காதிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொட்டகை வாசலில் மடித்து வைத்திருந்த தட்டிக் கதவைத் திருப்பிக் காட்டினார். பச்சைப் பெயின்டில் பெரிதாக எழுதியிருந்தது: வெள்ளிக்கிழமை விடுமுறை.

"இங்கன எல்லாக் கடையும் அப்படித்தான். இருவத்தெட்டு வருசமா வெள்ளிக்கெழம நான் ஸ்பேனரத் தொட்டதில்ல."

இந்துமதி தாளை மறுபடி பார்த்தாள். "அப்ப என்னைக்கு மாத்துனீங்க?"

"திங்கக்கெழம. அவரேதான் ஓட்டிட்டு வந்தாரு. கியர் போட்ட சத்தத்துலயே தெரிஞ்சுச்சு, கை பழக்கமில்லன்னு. எப்பவும் டிரைவர் தம்பி வேல்ராஜுதான் கொண்டாருவாரு. எங்கேன்னு கேட்டேன், லீவுன்னாரு. ஞாயித்துக்கெழம நடுவழியில வண்டி நின்னு மானம் போச்சு, ஒடனே மாத்துன்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

"ஞாயித்துக்கெழமயா? காய்ச்சல்ல படுத்திருந்ததா சொன்னாரே?"

"காய்ச்சலோ என்னமோ. பின்சீட்டு ஈரமா இருந்துச்சு. என்ன வாடைன்னு காயல்பட்டணத்துல பொறந்தவனுக்குத் தெரியாதாம்மா? நமக்கெதுக்குன்னு நான் கேட்டுக்கிடல."

பெனிஸ்டன் விரல் விட்டுக் கிழமைகளை எண்ணினான். எண்ணி முடித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

இந்துமதி கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். திங்கட்கிழமைதான் மாற்றினார் என்றால், ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்குப் போனது பழைய கார்புரேட்டர். அது எட்டுத்தான் ஓடும். பதினைந்து குடித்திருக்கும், பதினைந்து ஊற்றினால் சரியாகப் போயிருக்கும். ஒரு சொட்டுக்கூட மிஞ்ச வழியில்லை. அப்படியானால் அந்த ஐந்து லிட்டர்?

அவளுக்காக ஊற்றியது. அவள் ஒருத்திக்காக.

எட்டு பன்னிரண்டாகிறது என்று காதிர் வாயால் கேட்டவுடனே அண்ணாச்சிக்கு யோசனை பிறந்திருக்கிறது. கணக்கென்றால் இந்துமதி மயங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியாதா? நூற்றிருபது வருகிற மாதிரி ஐந்து லிட்டரை அளந்து ஊற்றி, சுவரில் இரண்டு எண்ணைக் கிறுக்கி, கார்புரேட்டரை மட்டும் இரண்டு நாள் முன்தள்ளிச் சொல்லியிருக்கிறார். சாக்பீஸ் எழுத்தை யார் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காதில் முழம் முழமாகப் பூச்சுற்றியிருக்கிறார், அவளும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்குக்கா வெள்ளிக்கெழமன்னு சொன்னாரு?" என்றான் பெனிஸ்டன். "வியாழக்கெழமன்னு சொல்லியிருந்தா நாம செத்தோம்ல?"

"புதுசு மாட்டுதது வெள்ளிக்கெழமதானலே. எலுமிச்சம்பழம் சுத்தி, சூடம் காட்டி... அவரு வாயில தானா வந்திருக்கும். எனக்கும் சந்தேகம் வரல. இந்த ஸ்கூட்டர நான் எடுத்ததும் வெள்ளிக்கெழமதான்."

காயல்பட்டணத்துக் கடை எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று தெரிந்தவர் வேல்ராஜ். இருபது வருடமாக மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நின்றவர் அவர். அண்ணாச்சிக்குப் பின்சீட்டு மட்டும்தான் தெரியும்.

இந்துமதி தாளின் கடைசி வரியை அடித்துவிட்டுத் 'திங்கட்கிழமை' என்று எழுதினாள்.  ஞாயிற்றுக்கிழமை வண்டி நின்றதாக அண்ணாச்சி சொன்னதையும் சேர்த்தாள். காதிர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"வேல்ராஜ் தம்பிக்கு ஒண்ணும் ஆகலயேம்மா?" என்று கேட்டார்.

அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். வட்டிலாப்பத்தைப் பற்றிப் பெனிஸ்டன் பேச்செடுக்கவே இல்லை.

---

காசிலிங்கம் அண்ணாச்சி இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கீற்றை நீட்டினார்.

"வாளா. வெயில்ல போகாதன்னு சொன்னேம்லா? மூஞ்சி கறுத்துப்போச்சு பாரு."

"காதிர் காக்காவப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கீற்றைத் தட்டில் வைத்தார். கடைப் பையன்களை டீ வாங்கிவர அனுப்பினார். முகத்தில் பயம் வரும், கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டும் வரவில்லை. கடையில் பேரம் படியாதபோது வருகிற சின்னச் சலிப்புதான் வந்தது.

"துபாய்லேர்ந்து வந்துட்டாரா?"

"போகவே இல்ல. வெள்ளிக்கெழம கடையும் இல்ல."

"ஓ" என்றார்.  "அந்தக் கட லீவு எழவெல்லாம் வேல்ராஜுக்குல்லா தெரியும்."

"எத்தன வருசமா இந்தக் கடல் அட்டை?"

"அதெல்லாம் ஒனக்கெதுக்கு? ஞாயித்துக்கெழம அந்த ஓட்டக் கார்புரேட்டர் மட்டும் ரோட்டுல நின்னு மொரண்டு பண்ணாம இருந்திருந்தா, போலீஸ் வாரதுக்குள்ள சரக்க ஏத்திட்டு வந்திருப்பேன். நேரம்."

"வேல்ராஜ் அண்ணன் இருவது வருசம் ஒங்ககூட இருந்தாரே."

"இருந்தான். நான் இல்லேங்கல. வெளிய எடுக்க வக்கீல் வச்சுக் குடுப்பேன், வீட்டுச் செலவப் பாத்துக்கிடுவேன். உள்ள போயிட்டு வந்தா அவனுக்கு என்ன கொறஞ்சு போவும்? எனக்கு அப்படியா? சங்கத்துல தலைவரு, கோயில்ல தர்மகர்த்தா."

இந்துமதி கல்லாவை நெருங்கினாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "என்னய எதுக்கு அண்ணாச்சி இழுத்தீங்க? ஊருல வேற ஆளே இல்லையா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலில் பாசம்கூட இருந்தது, அதுதான் கொடுமை.

"நான் சொன்னா இன்ஸ்பெக்டர் நம்புவானா? நீ சொன்னா நம்புவான். சொந்த மேலாளரையே காட்டிக்குடுத்தவன்னு ஊருக்கே தெரியும்லா. அப்புறம், நீ எம்மேல சந்தேகப்பட மாட்ட. அது எனக்கு நல்லாத் தெரியும்." கொஞ்சம் முன்னால் குனிந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலளா. அந்தத் தாளக் கிழிச்சுப் போடு. மாடியில இருக்க போர்டு யாரு மாட்டுனதுன்னு நெனச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். ஏணியில் நின்றுகொண்டு, சாய்ந்திருக்கிறதா என்று கீழே பார்த்துக் கேட்ட முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்த முகத்துக்காக உயிரையே கொடுத்திருப்பாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு எதிரில் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சார், இந்துமதி பேசுறேன். காலையில நான் சொன்னது தப்பு. வேல்ராஜ் இல்ல. காசிலிங்கம் அண்ணாச்சி. மெக்கானிக் கையெழுத்து எங்கிட்ட இருக்கு. ஆமா, கடையிலதான் இருக்காரு. நானும் இங்கதான் நிக்கேன், நீங்க வார வரைக்கும் நிப்பேன்."

அண்ணாச்சி ஓடவில்லை. தர்பூசணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள மாடியக் காலி பண்ணிரு" என்றார்.

"காலையிலேயே பண்ணியிருக்கணும்" என்றான் பெனிஸ்டன். அது நகைச்சுவையாக வரவில்லை, அவனும் அப்படிச் சொல்லவில்லை.

---

நான்கு மணிக்கு வேல்ராஜை வெளியே விட்டார்கள். காவல் நிலையத்து வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் இந்துமதி போய் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. காலையில் ஜீப்பில் ஏற்றும்போது தெருவே வேடிக்கை பார்த்ததாகவும், அவர் மகள் ரம்யா ஜீப்பின் பின்னாலேயே ஓடிவந்ததாகவும் பெனிஸ்டன் விசாரித்துச் சொல்லியிருந்தான்.

"அண்ணே, தப்பு என்மேலதான்" என்றாள். "அண்ணாச்சி என்னய ஏமாத்திட்டாரு. ஒங்களையும் ஏமாத்திட்டாரு."

"அவர உள்ள கூட்டிட்டுப் போகும்போது பாத்தேன்." வேல்ராஜ் நிமிரவில்லை. "என்னயப் பாக்காம தலையக் குனிஞ்சிட்டுப் போனாரு."

"வீட்டுல கொண்டு விடுதோம். வாங்க."

"வேண்டாம்மா. பஸ் வரும்."

மூவரும் சாலையோரம் வந்தார்கள். பஸ் திரும்பி வருவது தெரிந்ததும் வேல்ராஜ் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. அதிகம் பேசிப் பழக்கமில்லாத மனிதர், சொல்ல வந்ததைத் தேடித்தேடிச் சொன்னார்.

"அவரு ஜெயிலுக்குப் பயந்து பண்ணிட்டாரு. பயந்தவன் எதையும் பண்ணுவான், அத நான் வெளங்கிக்கிடுவேன். ஒங்களுக்கு என்னம்மா பயம்? ஒங்க ஆபீஸுக்கு நாலு தெரு தள்ளித்தான லாரி செட்டுல லீவு முழுக்க, ஞாயித்துக்கெழமயும், ஆக்டிங் டிரைவரா ஓட்டிட்டு இருந்தேன். எம்பேரச் சொல்லுததுக்கு முன்னாடி, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் பதிலுக்காக நிற்கவில்லை.   புதுக்கோட்டை பஸ்ஸில் கூட்டம் அதிகம். படியில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்.